மலையில் நிலநடுக்கம்: காலடியில் இருக்கும் நிலம் எவ்வளவு தீர்மானிக்கிறது?

கேள்வி இதுதான்: இமயமலை போன்ற ஒரு மலைப்பகுதியில் பெரிய நிலநடுக்கம் வரும்போது, மையத்துக்கு அருகிலிருக்கும் ஊர் ஓரளவு தப்பித்துக்கொள்ள, அதைவிடத் தொலைவிலிருக்கும் ஊர் தரைமட்டமாவது ஏன்? ஒரே ஊருக்குள்ளும் ஒரு தெரு நிற்க, அடுத்த தெரு விழுவது ஏன்? உள்ளூர் நிலவியலுக்கு இதில் எவ்வளவு பங்கு உண்டு?

பெரும் பங்கு உண்டு. ஆனால் “வண்டல் மண் என்றால் ஆபத்து, பாறை என்றால் பாதுகாப்பு” என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒற்றை வரி விடை மலைக்குப் போதாது. சமவெளியில் அது பெரும்பாலும் செல்லுபடியாகும். மலையில் பாறையே சரியும், பாறை முகடே கூடுதலாக ஆடும், வண்டல் சில வேளைகளில் சில வகைக் கட்டடங்களை விட்டுவைக்கவும் செய்யும். எனவே சற்று நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சற்று முன்னர், நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில், காத்மாண்டுவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், 7.8 அளவுள்ள நிலநடுக்கம் தொடங்கியது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தனர். மையம் அமைந்திருந்த கோர்க்கா மாவட்டத்தில் இறந்தவர்கள் 500-க்கும் குறைவு. காத்மாண்டுவுக்கு வடகிழக்கே, மையத்திலிருந்து வெகுவாகத் தள்ளியிருக்கும் சிந்துபால்சோக் மாவட்டத்தில் இறந்தவர்கள் 3,000-க்கும் அதிகம். கேள்வியில் இருக்கும் முரண்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த முரண்பாட்டின் ஒரு பகுதிக்கு உள்ளூர் நிலம் காரணமல்ல. அதை முதலிலேயே பிரித்து வைத்துவிடுவது நல்லது. நிலநடுக்கம் ஒரு புள்ளியில் நிகழ்வதில்லை, ஒரு பரப்பில் நிகழ்கிறது. இந்தியத் தட்டு இமயமலைக்கு அடியில் சாய்வாகச் செருகிக்கொண்டு போகும் தளத்தில், கோர்க்காவுக்குக் கீழே தொடங்கிய முறிவு கிழக்கு நோக்கி ஏறத்தாழ 140 கி.மீ. ஓடியது. சிந்துபால்சோக் அந்த ஓட்டத்தின் கிழக்கு முனைப் பக்கம் கிடந்தது. செய்தித்தாளின் வரைபடத்தில் மையம் என்று புள்ளி வைக்கப்படுவது தீக்குச்சி உரசப்பட்ட இடம் மட்டுமே. தீ பரவிய இடம் வேறு. போதாக்குறைக்கு மே 12 அன்று 7.3 அளவில் வந்த பின்னதிர்வும் கிழக்குப் பகுதியையே மீண்டும் தாக்கியது. ஆகவே “மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்?” என்ற கேள்வியே பெரிய நிலநடுக்கங்களில் பாதி தவறான கேள்வி. முறிந்த பரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்த பிறகும் மிஞ்சுகிற வேறுபாடுகளுக்குத்தான் காலடி நிலம் காரணமாகிறது.

அடிப்படை இயற்பியல் எளியது. கட்டடங்களை அதிகம் ஆட்டுவது, செல்லும் திசைக்குக் குறுக்கே நிலத்தை அசைக்கும் குறுக்கலைகள். அவை கெட்டியான பாறையில் நொடிக்கு 1,500 மீட்டரையும் தாண்டிய வேகத்தில் செல்லும். இளகிய களிமண்ணிலும் வண்டலிலும் 150 முதல் 300 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். கடலலை கரையை நெருங்கி வேகம் குறையும்போது எப்படி உயரமாக எழுகிறதோ, அப்படியே பாறையிலிருந்து இளகிய மண்ணுக்குள் நுழையும் அதிர்வலையும் வேகம் குறைந்து வீச்சு கூடி எழுகிறது. கொண்டுவரும் ஆற்றல் அதேதான். அதைச் சுமக்கும் பொருள் தளர்வானது என்பதால் அசைவு பெரிதாகிறது.

இரண்டாவது விளைவு இதைவிட முக்கியமானது. பாறைமீது கிடக்கும் மண் படிவு, கிண்ணத்தில் வைத்த தயிரைப் போலத் தனக்கென ஓர் ஆட்டத்தை வைத்திருக்கிறது. படிவின் தடிமனை நான்கால் பெருக்கி, அதில் குறுக்கலை செல்லும் வேகத்தால் வகுத்தால், அந்தப் படிவு ஒரு முறை ஆடி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். தடிமன் 25 மீட்டர், வேகம் நொடிக்கு 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அலைவு நேரம் அரை நொடி. கட்டடங்களுக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்பது பொறியாளர்களிடையே புழங்கும் பழைய கைக்கணக்கு. ஆக, 25 மீட்டர் தடிமனுள்ள அந்த மண்ணின்மீது ஐந்து மாடிக் கட்டடம் நின்றால் மண்ணும் கட்டடமும் ஒரே தாளத்தில் ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள வீச்சு ஏறுவதைப்போல ஒவ்வொரு அலையும் கட்டடத்தின் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இதுதான் ஒத்ததிர்வு. அதே மண்ணின்மீது நிற்கும் ஒற்றை மாடி வீட்டுக்கும் இருபது மாடிக் கட்டடத்துக்கும் இந்த அளவு பொருத்தம் அமைவதில்லை. 1985-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதன் பாடநூல் எடுத்துக்காட்டு: 350 கி.மீ.க்கும் அப்பால் பசிபிக் கரையில் தோன்றிய நிலநடுக்கம், பழைய ஏரிக் களிமண்ணின்மேல் ஏறத்தாழ இரண்டு நொடி அலைவு நேரத்தில் நகரத்தை ஆட்டியது. நடுத்தர உயரமுள்ள கட்டடங்களே பெரும்பாலும் விழுந்தன.

இப்போது காத்மாண்டுவுக்குத் திரும்பலாம். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. மஞ்சுஸ்ரீ தம் வாளால் சோபார் மலையை வெட்டி ஏரிநீரை வடித்தார் என்று நேபாளத்தில் வழங்கும் தொன்மமும், பள்ளத்தாக்கை நிரப்பியிருப்பது ஏரிப் படிவுதான் என்ற நிலவியல் முடிவும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது சுவையானது. ஏரியின் அடியில் படிந்த கருங்களிமண் இன்றும் அங்கே இருக்கிறது. அதன் நேபாளிப் பெயரான காலிமாட்டி என்பதே நகரத்தின் ஒரு பகுதிக்கும், அந்தப் படிவ அடுக்குக்கும் பெயராகிவிட்டது. ஆழமான இடங்களில் படிவின் தடிமன் 500 மீட்டரைத் தொடுகிறது. ஆழத்தில் படிவு இறுகியிருப்பதால் அலையின் சராசரி வேகம் நொடிக்கு 400, 500 மீட்டர் என்று கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு தடித்த படிவின் அலைவு நேரம் அரை நொடியல்ல, நான்கு ஐந்து நொடி. 2015-இல் நகரத்தின் நடுவில் இருந்த அளவுமானி பதிவு செய்ததும் அதையேதான்: நிலம் விருட் விருட்டென்று நடுங்கவில்லை, நான்கு ஐந்து நொடிக்கு ஒரு முறை, பெரிய வீச்சில், கப்பலின் மேல்தளத்தைப்போல அசைந்தது.

இங்கேதான் ஒற்றை வரி விடை தடுமாறுகிறது. நகர மையத்தில், வண்டலின்மேல், பதிவான உச்ச முடுக்கம் (நிலத்தின் வேகம் எவ்வளவு விரைவாக மாறியது என்பதன் உச்ச அளவு) புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கு அளவே. பள்ளத்தாக்கின் ஓரத்தில், கீர்த்திபூரின் பாறைமீது பதிவானது ஏறத்தாழ கால் பங்கு. அதாவது பாறையில் முடுக்கம் அதிகம், வண்டலில் குறைவு. விரைவான அதிர்வுகளை வண்டல் மட்டுப்படுத்தியது, மெதுவான அசைவைப் பெருக்கியது. காத்மாண்டுவின் வீடுகளில் பெரும்பாலானவை ஐந்து மாடிக்கு உட்பட்டவை. அவற்றின் அலைவு நேரம் அரை நொடிக்கு அருகில். நிலம் ஆடிய தாளம் அவற்றின் தாளமல்ல. அதனால், இவ்வளவு பெரிய நிலநடுக்கம் நேரடியாக அடியில் முறிந்தும், பலர் அஞ்சிய அளவுக்கு நகரம் அழியவில்லை. உயரமானவற்றின் நிலை வேறு: அறுபது மீட்டர் உயரத்துக்கு நின்ற தரஹரா கோபுரம் அடிப்பகுதி மட்டும் மிஞ்சும்படி முறிந்து விழுந்தது, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் செங்கல் நிரப்புச் சுவர்கள் வெடித்துப் பிளந்தன. பழைய மண்சாந்துக் கட்டடங்களும் கோயில்களும் விழுந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை எந்த ஆட்டத்தையும் தாங்கும் வலு இல்லாதவை.

வண்டல்தான் காத்மாண்டுவைக் காப்பாற்றியது என்று இதிலிருந்து சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 2015-இல் முறிவு நகரத்தின் அடியில் ஒப்பீட்டளவில் மென்மையாக வழுக்கியது. வேகமான அதிர்வுகளை அது குறைவாகவே வெளியிட்டது. அடுத்த முறை வேறு விதமாக முறியலாம். அதே பள்ளத்தாக்கு 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மிக மோசமாகச் சிதைந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அதோடு, பள்ளத்தாக்கின் நடுவே 500 மீட்டர் தடிமனில் கிடக்கும் படிவு, ஓரத்துக்கு வர வர மெலிந்து 20, 30 மீட்டராகிறது. அந்த ஓரத்தில் அலைவு நேரம் வீடுகளின் அலைவு நேரத்துக்கு இறங்கி வந்துவிடும். தவிரவும், பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் அங்கே உள்ளே வரும் அலைகளோடு சேர்ந்து குவியும். மலைப் பள்ளத்தாக்குகளின் ஓரங்கள், நடுப்பகுதியைவிடச் சில நிலநடுக்கங்களில் கூடுதலாகச் சேதமடைவதற்கு இதுவே காரணம்.

காத்மாண்டு ஒரு பெரிய கிண்ணம். ஆனால் மலைவாழ் மக்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட கிண்ணங்களில் வாழ்வதில்லை. சரிவுகளில் கிடைக்கும் சிறு சிறு சமதளங்களில்தான் வாழ்கிறார்கள். மலையில் தானாக அமைந்த சமதளம் என்பதை எப்போதும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நைஸ், குவார்ட்சைட் போன்ற கெட்டிப் பாறை தானாகச் சமதளமாக நிற்பது அபூர்வம். அகலமான, உழுவதற்கு வசதியான, ஊற்று நீரும் கிடைக்கிற ஒரு திட்டு மலைச்சரிவின் நடுவே இருக்கிறதென்றால், பெரும்பாலும் ஏதோ ஒன்று அங்கே வந்து கொட்டிக் கிடக்கிறது என்று பொருள்: ஆறு விட்டுச் சென்ற சரளைத் திட்டு, ஓடை வாயில் விரிந்த வண்டல் விசிறி, பனிப்பாறை தள்ளிவந்த கற்குவியல், அல்லது எப்போதோ சரிந்த மலையின் உடல். வசதியைத் தேடி ஊர் அமைந்த இடமும் நிலம் தளர்ந்திருக்கும் இடமும் பல நேரங்களில் ஒன்றாகவே இருப்பது மலைப்பகுதியின் அடிப்படைச் சிக்கல்.

உத்தராகண்டின் ஜோஷிமட் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அந்த ஊர் பழைய நிலச்சரிவுக் குவியலின்மேல் அமர்ந்திருக்கிறது என்று 1976-ஆம் ஆண்டிலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023-இன் தொடக்கத்தில் அங்கே வீடுகள் பிளந்து மக்கள் வெளியேற்றப்பட்டதற்கு நிலநடுக்கம் காரணமல்ல. இருந்தாலும், எந்த நடுக்கமும் இல்லாமலே நகர்கிற ஒரு குவியல், நடுக்கம் வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவியல் தேவையில்லை.

இந்தப் படிவுகளை அடையாளம் காண ஆய்வகம் வேண்டியதில்லை. சாலைக்காக வெட்டப்பட்ட மலைமுகத்தை ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே பெருமளவு தெரிந்துவிடும். வெட்டுமுகத்தில் கூழாங்கற்கள் உருண்டு மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கியதுபோல் இருந்தால், அது பழைய ஆற்றுத் திட்டு. இப்போது ஆறு நூறு மீட்டர் கீழே ஓடினாலும் ஒரு காலத்தில் இங்கே ஓடியிருக்கிறது. கற்கள் கூர்முனையோடு, கைப்பிடி அளவு முதல் அறையளவு வரை எல்லா அளவிலும், எந்த வரிசையும் இல்லாமல் நைந்த மண்ணில் பதிந்து கிடந்தால், அது சரிவுக் குவியல். விரலால் தேய்த்தால் மாவாகும் மெல்லிய சாம்பல்நிற அடுக்குகள் தாள் அடுக்கியதுபோல் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் ஏரி தேங்கியிருக்கிறது. நிலச்சரிவால் ஆறு அடைபட்டு உருவான ஏரியாகவும் இருக்கலாம். மேலே இருக்கும் மரங்களின் அடிமரம் சரிவுப் பக்கமாக வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், மண் இப்போதும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கக்கூடும். இவற்றுள் நன்கு இறுகிய ஆற்றுச் சரளை மோசமான அடித்தளமல்ல. சரிவுக் குவியலும் ஏரிக் களிமண்ணும்தான் கவலைக்குரியவை.

அப்படியானால் பாறை முகட்டில் வீடு கட்டினால் போதுமா என்றால், அங்கே நிலத்தின் பொருளல்ல, வடிவம் குறுக்கே வருகிறது. மலைக்குள் மேல்நோக்கி ஏறும் அலைகள் இருபுறச் சரிவுகளிலும் பட்டுத் திரும்பி முகட்டை நோக்கிக் குவிகின்றன. முகட்டின் அடியகலமும் அலையின் நீளமும் ஏறத்தாழ ஒத்திருக்கும்போது இந்தக் குவிதல் உச்சமடையும்: நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில், நொடிக்கு இரண்டு அதிர்வாகச் செல்லும் அலையின் நீளம் 500 மீட்டர், அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு முகடு அந்த அலைக்கு நன்றாக ஆடும். 1971-இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தின்போது, பக்கோய்மா அணையை ஒட்டிய பாறை முகட்டின்மேல் இருந்த கருவி புவியீர்ப்பு முடுக்கத்தையே தாண்டிய அளவைப் பதிவு செய்தது. அந்நாளில் பலரால் நம்ப முடியாத அளவு அது. 2010-இல் ஹெய்ட்டியில், தலைநகருக்குத் தெற்கே பெத்தியோன்வில் பகுதியின் மலையடி முகடு ஒன்றில் வீடுகள் பெருமளவில் விழுந்ததற்கும் முகட்டு வடிவத்தின் பங்கு உண்டு என்று பின்னதிர்வுப் பதிவுகள் காட்டின. ஐரோப்பியக் கட்டட விதிகளில் இதற்காகவே ஒரு திருத்தம் இருக்கிறது: சரிவு 30 பாகைக்கு மேற்பட்ட குறுகிய முகடுகளில் நிலநடுக்க விசையைக் குறைந்தது 1.4 மடங்காகக் கொள்ளச் சொல்கிறது.

நிலச்சரிவுகளின் பரவலிலும் இது தெரிகிறது. மழையால் வரும் சரிவுகள் பெரும்பாலும் மலையடிவாரத்தில், ஆறு அரிக்கும் இடங்களில், நீர் தேங்கி மண் ஊறும் இடங்களில் கூடும். நிலநடுக்கத்தால் வரும் சரிவுகளோ பல நிலநடுக்கங்களில் முகட்டை ஒட்டிய மேல்சரிவுகளில் குவிந்திருக்கின்றன. மழைக்காலத்தில் பல தலைமுறைகளாகத் தப்பித்துவந்த மேட்டுக் குடியிருப்பு, “இங்கே எப்போதும் சரிந்ததில்லை” என்ற நம்பிக்கையோடு இருக்கும். அந்த அனுபவம் மழையைப் பற்றியது மட்டுமே.

2015 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 25,000 நிலச்சரிவுகள் வரைபடமாக்கப்பட்டுள்ளன. எது சரியும், எது சரியாது என்பதைப் பாறையின் வகையைவிட, அது எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதே பல இடங்களில் முடிவு செய்கிறது. ஸ்லேட், ஃபில்லைட், சிஸ்ட் ஆகியவை ஏடு ஏடாகப் பிரியும் பாறைகள். அந்த ஏடுகள் மலைச்சரிவின் அதே திசையில் சாய்ந்திருந்தால், சாய்த்து வைத்த மேசையின்மேல் அடுக்கிய ஓலைச்சுவடிகளைப் போன்றதுதான் அந்த மலை. ஓர் உலுக்கு போதும். ஏடுகள் மலைக்குள் நோக்கிச் சாய்ந்திருந்தால் அதே பாறை வெகு செங்குத்தாகவும் நிற்கும். அதனால் ஒரே பள்ளத்தாக்கின் ஒரு கரை சரிந்து சரிந்து மென்மையாகவும், எதிர்க்கரை நெட்டுச் சுவராகவும் இருப்பதை இமயத்தில் அடிக்கடி காணலாம். வீடும் வயலும் பெரும்பாலும் மென்மையான கரையில்தான் இருக்கும்.

2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீரில் வந்த 7.6 அளவு நிலநடுக்கத்தில் பாறையின் சாய்வும் நிலப்பிளவும் சேர்ந்து வேலை செய்தன. ஏறத்தாழ 70 கி.மீ. நீளத்துக்கு நிலத்தின் மேற்பரப்பிலேயே பிளவு வெளிப்பட்டது. பாலாகோட் நகரம் அந்தக் கோட்டின்மேலேயே இருந்தது. சாய்வான பிளவின் ஒரு பக்கம் மேலேறி மறுபக்கத்தின்மீது ஏறுகிறபோது, மேலேறும் பக்கமே கடுமையாக ஆடும். நிலச்சரிவுகளும் அந்தப் பக்கத்திலேயே குவிந்தன. முசாஃபராபாதுக்கு அருகில், காலங்காலமாகப் பிளவால் அரைபட்டு நொறுங்கிய டோலமைட் (சுண்ணாம்புக்கல்லைப் போன்ற பாறை) மலைகள் தோல் உரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாகச் சரிந்தன. ஹட்டியான் பாலாவில், மணற்கல்லும் சேற்றுக்கல்லும் மாறி மாறி அடுக்கிய மலையின் ஒரு பெரும் துண்டு, அடுக்குகளின் சாய்விலேயே வழுக்கி இறங்கி ஏறத்தாழ 1,000 பேரைப் புதைத்தது; கர்லி ஆற்றையும் அடைத்து ஏரியாக்கியது. அந்த அணை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நின்று, 2010 பிப்ரவரியில் உடைந்தது.

இப்படி மலை சரிந்து ஆற்றை அடைப்பது, அதிர்வை உணராத ஊருக்கும் சாவைக் கொண்டுவரக்கூடியது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாம்-திபெத் எல்லையில் வந்த 8.6 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, சுபன்சிரி ஆற்றை அடைத்திருந்த சரிவு சில நாள் கழித்து உடைந்து, அந்த வெள்ளத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் 2015-இல் நடந்தது வேறு வகை: உயரத்திலிருந்த பனியும் பாறையும் சேர்ந்து விழுந்து, கிராமம் முழுவதையும் மூடின, ஏறத்தாழ 350 பேர் மாண்டனர். அங்கே நிலம் எவ்வளவு ஆடியது என்பது ஒரு பொருட்டே அல்ல. தலைக்கு மேலே என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பதே முழுக் கதையும்.

மலையடிவாரச் சமவெளியை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடிக்க முடியாது, ஏனெனில் மலையின் நிலநடுக்கம் மலையோடு நிற்பதில்லை. 1934 ஜனவரி 15 அன்று கிழக்கு நேபாளத்தில் தோன்றிய நிலநடுக்கம், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் நீரும் நிரம்பிய வட பீகாரில் ஏறத்தாழ 300 கி.மீ. நீளப் பட்டையில் நிலத்தையே குழம்பாக்கியது. நீர் நிரம்பிய தளர்ந்த மணலைக் குலுக்கும்போது, மணல்துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டு நீரில் மிதக்கத் தொடங்குகின்றன. அந்த நேரத்துக்கு மண் திரவமாகவே நடந்துகொள்ளும். வயல்களில் மணலும் நீரும் பீறிட்டு எழுந்து விளைநிலத்தை மூடின. இதில் கவனிக்கத்தக்க ஒன்றை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் பதிவு செய்தார்கள்: அந்தப் பட்டைக்குள் கட்டடங்கள் சாய்ந்தன, புதைந்தன, ஆனால் குலுங்கிச் சிதறியவை ஒப்பீட்டளவில் குறைவு. குழம்பாகிவிட்ட நிலம் குறுக்கலையைக் கடத்தவில்லை. கங்கைக் கரையின் முங்கேர் நகரமோ தொலைவிலிருந்தும் குலுக்கலாலேயே நொறுங்கியது.

கட்டுமானத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும், அது நிலத்தோடு நேரடியாகப் பிணைந்தது என்பதால். சரிவில் வீடு கட்டும்போது மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமன்படுத்துவது எங்கும் நடக்கிறது. முடிவில் வீட்டின் பாதி பாறைமீதும் பாதி கொட்டிய மண்மீதும் நிற்கிறது. நடுக்கத்தில் கொட்டிய மண் அமுங்கும்; பாறை அமுங்காது; இரண்டும் சேரும் கோட்டில் வீடு பிளக்கும். மண்ணைக் கொட்டாமல் நீண்ட தூண்களை இறக்கினால் வேறு தொல்லை: மலைப்பக்கத் தூண் ஒரு மீட்டர், பள்ளப்பக்கத் தூண் ஆறு மீட்டர் என்று ஆகிவிடும். நீளமான தூண் வளைந்துகொடுக்கும். குட்டையான தூண் விறைத்து நிற்பதால் விசையின் பெரும்பங்கை அதுவே வாங்கி முதலில் வெடிக்கும். பார்வைக்குப் பயமூட்டுவது பள்ளப்பக்கம், உடைவது மலைப்பக்கம்.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இந்தியாவின் ஐ.எஸ். 1893 போன்ற நிலநடுக்கத் தர விதிகள் தரும் நிலநடுக்க மண்டல வரைபடம், ஒரு மாவட்டத்துக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்லும். ஒரு தெருவுக்கு என்ன என்று சொல்லாது. அதற்கு, ஒரே ஊரை நிலத்தின் தன்மைப்படிச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் நுண்மண்டல வரைபடம் வேண்டும். மலைப்பகுதியில் ஆழ்துளையிட்டு மண் எடுப்பது செலவும் சிரமமுமானது என்பதால், நிலத்தில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் மிக நுண்ணிய அதிர்வை அரை மணி நேரம் பதிவு செய்து, கிடையசைவையும் நிலைக்குத்தசைவையும் ஒப்பிட்டு, படிவின் அலைவு நேரத்தைக் கண்டறியும் முறை பரவலாகப் பயன்படுகிறது. ஜப்பானிய அறிஞர் நகமுரா 1989-இல் பரவலாக்கிய வழி இது. பெட்டியளவு கருவி போதும். படிவின் அலைவு நேரத்தை இது நம்பகமாகச் சொல்லும். எத்தனை மடங்கு பெருக்கும் என்று இதிலிருந்து எடுக்கப்படும் எண்ணை நான் அவ்வளவு நம்புவதில்லை. கடும் நடுக்கத்தில் மண்ணின் குணமே மாறிவிடும். காற்றிலும் வண்டிப் போக்குவரத்திலும் ஏற்படும் நுண்ணதிர்வில் அந்த மாற்றம் தெரியாது.

எல்லாவற்றையும் உள்ளூர் மண்ணின் தலையில் கட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 1905 ஏப்ரல் 4 அன்று காங்ராவில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்ற நிலநடுக்கத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் வரைந்த சேத வரைபடம் ஒரு விநோதத்தைக் காட்டியது: காங்ராவைச் சுற்றி ஒரு கடும் சேத வட்டம், பிறகு குறைவான சேதமுள்ள இடைவெளி, அதற்கப்பால் தேராதூனைச் சுற்றி இன்னொரு வட்டம். தேராதூன் பள்ளத்தாக்கு தடித்த சரளைப் படிவின்மேல் அமைந்தது. எனவே படிவு அதிர்வைப் பெருக்கியது என்பது இயல்பான விளக்கம். ஆனால் காங்ரா நிலநடுக்கத்தால் தூண்டப்பட்டு தேராதூனுக்கு அருகில் இரண்டாவதாக ஒரு நிலநடுக்கமே நிகழ்ந்திருக்கலாம் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த இரண்டாவது வட்டத்தில் சரளைக்கு எவ்வளவு பங்கு, தனி மையத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சேத வரைபடத்தை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரியான தடயத்தைத்தான் விட்டுச் செல்கின்றன.